கதவில்லாத இரண்டு அறைகள்

மகனே,

உன் கடிதம் சனிக்கிழமை கையில் கிடைத்தது. கல்யாணம் நிச்சயமானது கேட்டு மனம் குளிர்ந்தது. கொட்டாஞ்சேனைக் குடும்பம் நல்ல குடும்பம் என்று நீ எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன். பெண்ணின் படத்தையும் பார்த்தேன், அடக்கமான முகம். இங்கே நானும் உன் அண்ணியும் பேத்தி தெரேசாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த ஒரு கடிதத்திலாவது வழக்கத்துக்காக எதையும் எழுதக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

கண்டிக்கு மாற்றல் கிடைக்கும், கல்யாணம் முடிந்ததும் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கே வந்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் வீட்டைச் சரிபண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறாய். சுண்ணாம்பு அடிக்கவேண்டும், குசினியில் புகை போக வழி செய்யவேண்டும் என்பதெல்லாம் நியாயம். "கிழக்குப் பக்கத்து ரெண்டு அறைக்கும் இன்னும் சாக்குத்தான் தொங்குகிறது. சாக்குத் தொங்குகிற வீட்டுக்குள் எப்படியம்மா ஒரு பெண்ணைக் கூட்டி வருவது? இத்தனை வருஷத்தில் ஒரு கதவு போட முடியவில்லையா?" என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கும் கீழே, கையெழுத்துக்கு மேலே, அண்ணி இனித் தேயிலைத் தோட்டத்தில் தன் அண்ணன்மாரோடு போய் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது, தெரேசாவை வேண்டுமானால் நாம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலதடவை வாசித்தேன். கதவு ஏன் இல்லை என்று நீ இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது கேட்டுவிட்டாய். பதில் நீளமானது, பொறுமையாக உட்கார்ந்து வாசி.

இந்த வீட்டை உன் அப்பா வாங்கியபோது நீ மடியில் இருந்தாய். மண்சுவர், சிங்கள ஓடு, ஒரு கூடம், இரண்டு சின்ன அறை, பின்னால் குசினி. பாலத்தைத் தாண்டி மேடேறினதும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிற வீடு என்பதால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நகைகளைக் கழற்றிக் கொடுத்தது நான் என்பதால் வீட்டு உறுதிப்பத்திரத்தை என் பேரில் எழுதினார். அவர் காலமானபிறகு, மீசை அரும்பும் முன்பே சம்பாதிக்கப் போனவன் உன் அண்ணன் சூசை. கண்டியில் ஒரு தேயிலைக் கடையில் கணக்கு எழுதி என்னையும் காப்பாற்றினான், உன்னையும் படிக்கவைத்தான். அவனுக்குக் கல்யாணமானதும் ஓர் அறை அவர்களுக்கு, ஓர் அறை எனக்கு என்றாயிற்று. நீ கூடத்தில் பாய் விரித்தாய். பிறகு தெரேசா பிறந்தாள், செபஸ்தி பிறந்தான். மழைக்காலத்தில் பிள்ளைத் துணி காயப்போட இடமில்லாமல் கூடம் முழுக்கக் கயிறு கட்டி, அதற்குக் கீழே குனிந்து குனிந்து நடப்போம். நீ புத்தகத்தை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் மனுஷன் படிக்க முடியுமா என்று சத்தம் போடுவாய். சத்தம் போடுவாயே தவிர, செபஸ்தி உன் மடியில் ஏறி உட்கார்ந்தால் இறக்கிவிட மாட்டாய். அதையும் எழுதவேண்டும்.

அண்ணியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அருளாயி மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கிற வீட்டில் பிறந்தவள். கடை வேலையாகத் தோட்டத்துக்குப் போய்வந்த சூசை பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிய பெண். எனக்குப் பிடிக்கவில்லை. நான் டவுனில் பிறந்தவள், கன்னியர் மடத்தில் நாலெழுத்துப் படித்தவள் என்ற நினைப்பு. அவள் கொண்டுவந்து தருகிற தேத்தண்ணியைக்கூடக் குறை சொல்லாமல் குடித்ததில்லை. அவள் பதில் பேசமாட்டாள். அந்தப் பேசாமையையும் திமிர் என்றேன். என்னைப் பார்த்துத்தான் நீயும் அவளை 'தோட்டக்காட்டுப் பொண்ணு' என்று சொல்லப் பழகினாய். உன் கடிதத்தின் கடைசி வரியில் என் குரலும் கலந்திருக்கிறது மகனே. அதை மறுக்க எனக்கு வழியில்லை.

மூன்றாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்ததும் சூசை என்னிடம் வந்தான். நீ அப்போது கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாய்.

"அம்மா, கிழக்குப் பக்கம் ரெண்டு அறை எடுத்துடுவோம். கூரையை அப்படியே இழுத்து இறக்கிக்கலாம்."

"ரெண்டு எதுக்குடா? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணு தம்பிக்கு. நாளைக்குக் கல்யாணம் கட்டிக் கூட்டிட்டு வந்தா பொண்டாட்டியோட கூடத்துலயா படுப்பான்?"

ஆற்றைப் பார்த்த பக்கம் பெரிய ஜன்னல் வைத்த அறைதான் உனக்கென்று அவன் குறித்தது. அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. "தம்பிக்குக் காத்து வேணும், அந்த அறையே இருக்கட்டும்" என்றாள். அவர்களுக்கு மேட்டுப் பக்கத்து இருட்டறை.

அஸ்திவாரம் வெட்டிய வருஷந்தான் மழை பொய்த்தது. உனக்கும் நினைவிருக்கும், கொழும்பிலும் கிணறு வற்றியது என்று எழுதியிருந்தாய். மேசன் வேலைக்கு ஒரு சிங்களவர் வந்தார். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்ல காலம் நோனா. மேல தண்ணி இல்ல, செவுரு சுருக்கா காயும்" என்று தினமும் சொல்வார். மற்ற வருஷமானால் மணல் எடுக்கத் தோணிக்காரரைப் பிடித்துக் கெஞ்சவேண்டும். அந்த வருஷம் பெண்கள் கூடையோடு ஆற்றுக்குள் இறங்கி நடந்துபோய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். யானை குளிப்பாட்டுகிற இடத்தில் யானைக்கு முழங்கால் நனையவில்லை. அண்ணி வயிற்றுப் பிள்ளையோடு தலையில் மணல் சுமந்தாள். நான் சுமக்காதே என்று சொன்னதாக நினைவில்லை. செபஸ்தி கூடவே இறங்கிப் போவான். பாறைகளுக்கு இடையில் ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி, கண்ணாடி மாதிரித் தெளிந்து, வெயிலில் சூடாகிக் கிடந்தது. அதில் சட்டையை விரித்துப் பொடிமீன் பிடித்துக்கொண்டு வந்து காட்டுவான். அந்தக் குட்டைகளைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. அதில்தான் கொசு பெருகியது என்று டாக்டர்மார் பிறகு சொன்னார்கள். வீடு கட்ட இதைவிட நல்ல வருஷம் வராது என்று ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

சுவர் கூரை மட்டத்துக்கு வந்தது. வாசல்களுக்கு நிலை நிறுத்தியாயிற்று. பாலத்தடியில் பலகை விற்கிற மரக்காலை வைத்திருக்கிற மடவளைக் காசிம் நானாவை உனக்குத் தெரியும், அப்பாவுடைய நாளிலிருந்து பழக்கம். அவர் தானே தேர்ந்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பலாப்பலகை அனுப்பினார், கதவுக்கும் ஜன்னலுக்குமாக. மஞ்சளாக, மினுமினுவென்று இருந்தது. சூசை வேலையால் வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்னே பலகையைத் தடவிப் பார்ப்பான். கூரை போட்டதும் கதவு வேலை தொடங்கவேண்டும் என்று அவற்றைக் கூடத்துச் சுவரில் அடுக்கி வைத்திருந்தோம்.

ஒருநாள் பாஸ் வரவில்லை. ஆள் அனுப்பினால், குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார் என்றார்கள். அடுத்த கிழமை அவர் வீட்டில் எல்லோரும் படுத்தார்கள். பிறகு எங்கள் ரோட்டில் ஒரு வீடு, எதிர் வீடு, அதற்கடுத்த வீடு. கடைகள் பாதி மூடியிருந்தன. காய்ச்சல் புதிதா, குளிர்காலத்தில் வராததா என்று முதலில் நினைத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வந்து, பல் கிட்டி, பிறகு உடம்பெல்லாம் நெருப்பாகி, வேர்த்து விட்டுப்போகும். விட்டுப்போன நாளில் எழுந்து கஞ்சி குடிப்பார்கள், மறுநாள் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போயிற்று. நம் வீட்டில் முதலில் படுத்தது நான். பிறகு தெரேசா, பிறகு செபஸ்தி, பிறகு சூசை. ஒரே கூடத்தில் பாய் பாயாகக் கிடந்தோம். அண்ணிக்கும் காய்ச்சல். ஆனால் அவள் படுக்கவில்லை. குளிர் வந்தால் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள், விட்டதும் கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கொயினா மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசை பாலம்வரை நிற்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்று எங்கள் நாலு பேருக்கும் வாங்கிக்கொண்டு வருவாள்.

உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னது நான். அண்ணி போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் மருந்து வாங்கப் போனவள் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பிக்கு லீவு குடுக்கலையாம் அத்தை. கிடைச்சதும் வருவாராம்" என்றாள். எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. வெள்ளைக்கார ஆபீசில் லீவு அவ்வளவு லேசில் கிடைக்காது என்று நானே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செபஸ்தி ஒரு காலைநேரம் கஞ்சி கேட்டான். அண்ணி ஊற்றிக் கொண்டுவந்து, சூடு ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தாள். கஞ்சி ஆறுவதற்குள் பிள்ளை போய்விட்டான். சத்தமே இல்லை. அவள் அவன் வாயைத் துடைத்தாள், சட்டையை இழுத்துவிட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்ததும், வேண்டாம் என்று கையைக் காட்டி, உள்ளே பார்த்தாள். காய்ச்சல் முற்றிய சூசையை அதற்குள் அவன் அறைக்கு மாற்றியிருந்தாள். அவனுக்குக் கேட்டுவிடக்கூடாது. அதனால் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் வாய்விட்டு அழவில்லை. நான் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஊரில் சவப்பெட்டி இல்லை மகனே. செய்கிற தச்சர்களும் படுத்துக் கிடந்தார்கள். கிடைத்தவர்கள் பெட்டியில் போனார்கள், கிடைக்காதவர்களைப் பாயில் சுருட்டி மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாயோடு வந்து நின்றார். அண்ணி வாங்கவில்லை. "என் பிள்ளைய சுருட்டி அனுப்பமாட்டேன்" என்றாள். கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த பலகைகளில் ஒன்றைத் தானே இழுத்து எடுத்தாள். காசிம் நானாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவர். முற்றத்தில் அவர் அறுத்தார். மறுமுனையைக் காலால் மிதித்து, கையால் பிடித்துக்கொண்டு இவள் நின்றாள், தன் பிள்ளையின் நீளம் இவ்வளவு என்று காட்டிக்கொண்டு.

வாள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சூசை கூப்பிட்டான். அவள் போனாள். கூடத்தில் கிடந்த எனக்கு இரண்டு பேர் பேச்சும் கேட்டது.

"என்ன, கதவு வேலை தொடங்கிட்டாங்களா?"

"ஆமாங்க. தொடங்கிட்டாங்க."

"காசிம் நானா குரல் மாதிரி இருக்கு?"

"அவருதான். பாஸுக்கு முடியலன்னு அவரே வந்துட்டாரு."

"தம்பி அறைக்கு முதல்ல போடச் சொல்லு. அவன் வந்துருவான்."

"சொல்றேங்க."

வெளியே வந்து திரும்பவும் பலகையின் முனையைப் பிடித்தாள்.

அந்தக் கிழமை முடியவில்லை, சூசையும் போய்விட்டான். மகன் போனது தெரியாமலே போனான். அண்ணியிடம் செபஸ்தி எங்கே என்று அவன் கேட்டபோதெல்லாம் "தூங்குறான்" என்றாள். அதில் பொய் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று நான் யோசிக்கவில்லை. அவன் நெடியவன், உனக்குத் தெரியும். மிச்சமிருந்த பலகை முழுவதும் அவனுக்கே வேண்டியிருந்தது, ஜன்னலுக்கு வாங்கியதையும் சேர்த்து. அதற்கும் அவள்தான் மறுமுனையைப் பிடித்தாள். சுவாமியார் சவக்காலையிலேயே குழிக்குக் குழி நின்று செபித்தார், வீட்டுக்கு வீடு வர அவருக்கு நேரமில்லை. கூடத்துச் சுவர் வெறுமையாயிற்று. கதவு எங்கே என்று கேட்டாயே, இரண்டு கதவும் சவக்காலையில் இருக்கின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத மனமில்லை, ஆனாலும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். சூசையை அடக்கம் பண்ணிக் கொஞ்ச நாளில் அவளுக்கு நோவு கண்டது, மாதம் நிறையாமலே. நடுப்பகல். கூடத்தில் நானும் தெரேசாவும் கிடந்தோம். பிள்ளை பயந்துவிடும் என்று அவள் எழுந்து, கூரையில்லாத புது அறைக்குள் போனாள். உனக்கென்று கட்டிய அறை. தலைக்கு மேலே வெறும் வானம், நேரே வெயில். நான் சுவரைப் பிடித்துத் தவழ்ந்து தவழ்ந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண்குழந்தை. மூச்சில்லை. அருளாயி என் முகத்தைப் பார்த்து, "அத்தை, நீங்க ஏன் எழும்பி வந்தீங்க, காய்ச்சல் திரும்பும்" என்றாள். அன்றைக்குத்தான், கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு, முதல்முதலாக நான் அவள் தலையை என் மடியில் வைத்தேன்.

காய்ச்சல் அடங்கியபிறகு நீ வந்தாய். சவக்காலைக்குப் போய் அழுதுவிட்டு வந்து கூடத்தில் நின்று, "இவ்வளவு மோசம்னு எனக்கு ஏன் சரியா அறிவிக்கல? நான் என்ன அந்நியனா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். அண்ணி உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "தம்பி களைச்சு வந்திருக்காரு அத்தை, முதல்ல சாப்பிடட்டும்" என்றாள். நீ சாப்பிட்டாய். நான் உன் பக்கந்தான் நியாயம் என்று நினைத்தேன்.

அவளுடைய அண்ணன்மாரும் வந்தார்கள். "இங்க என்ன இருக்கு? சாமானக் கட்டு, பிள்ளையத் தூக்கு, போவோம்" என்றார்கள். எனக்கு வயிற்றில் கட்டி வைத்து, காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த நேரம். அவள் என்னைக் காட்டி, "இவங்கள யாரு பாக்கிறது?" என்றாள். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் கண்டியில் தேயிலை பொறுக்குகிற ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டு வேலை. "கூரை இல்லாம விட்டா மழைக்குச் சுவர் கரைஞ்சிடும் அத்தை. அவரு கட்டினது" என்றாள். பாஸ் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஏணியேற உடம்பு இடங்கொடுக்கவில்லை. கீழே கல்லில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறி இவளே வரிச்சு அடித்தாள், ஓடு அடுக்கினாள். தாலியிழந்தவள் கூரைமேல் ஏறி நிற்கிறாள் என்று ரோட்டில் இரண்டு பெண்கள் நின்று பேசினார்கள். நான் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய், இறங்கி வரச்சொல்கிறேன், நீங்கள் ஏறுகிறீர்களா என்று கேட்டேன். போய்விட்டார்கள். பெருமழை தொடங்கும்போது இரண்டு அறைக்கும் கூரை இருந்தது. நீ நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது ஆற்றைப் பார்த்த அறையில் உனக்குப் பாய் விரித்தவள் அவள். ஏன் அங்கே என்று நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கதவுக்குப் பலகை கேட்டு நான் காசிம் நானாவின் மரக்காலைக்குப் போனேன். பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. லீவு கிடைக்காமல் பிள்ளை தவித்துப்போனான் என்றேன்.

"தங்கச்சிக்குத் தெரியும் எண்டெல்லா நான் நெனச்சிட்டிருந்த" என்றார். "அண்டைக்கு ஒங்கட சின்ன மகன் பாலத்துக்கு அங்கால வந்து நிண்டாரு. கையில ஒரு பை. அந்த நேரம் பாலத்துல மய்யத்து வண்டி ரெண்டு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்திச்சி. ஒங்கட மருமக மருந்து எடுத்துட்டு வந்தவ, கண்டுட்டு, தம்பீ எண்டு சத்தமாக் கூப்பிட்டா. அவரு திரும்பிப் பாத்தாரு. பாத்திட்டு, கண்டி பஸ்ல ஏறிட்டாரு."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. அன்றைக்கு அவளிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"பயந்துட்டாரு அத்தை" என்றாள். "அன்னைக்கு யாருதான் பயப்படல? எனக்குப் போறதுக்கு ஒரு எடம் இருந்திருந்தா, வயித்துப் பிள்ளையக் காப்பாத்தத் தெரேசாவையும் தூக்கிக்கிட்டு நானுந்தான் போயிருப்பேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க அப்பவே செத்திருப்பீங்க."

மகனே, நீ திரும்பிப் போனதற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. இதை நம்பு. எனக்கு எழுந்து நடக்கத் தெம்பு இருந்திருந்தால் நானே பாலத்துக்கு வந்து உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டு பிள்ளையில் ஒன்றாவது மிஞ்சட்டும் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். உயிர்ப்பயம் எல்லோருக்கும் உள்ளது, அதைச் சுமந்துகொண்டு நீயும் இந்த வருஷங்களில் நன்றாகத் தூங்கியிருக்க மாட்டாய். ஆனால் உன்னைக் கூப்பிட்ட குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்தக் குரலை நீ கேட்டாய், கேட்டுவிட்டுப் போனாய் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் என்னிடம் லீவு இல்லை என்றாள், உனக்குச் சோறு போட்டாள், பாய் விரித்தாள். அவளைத்தான் நீ தோட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறாய். அவள் கண்முன்னால் இருந்தால் உனக்கு அன்றைய பாலம் நினைவுக்கு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் அது உன்னுடைய பாடு. அதற்காக அவள் வீட்டைவிட்டுப் போகமுடியாது.

காசிம் நானா பலகை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிப் பலகாலம் ஆகிவிட்டது. அண்ணிதான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. எங்காவது பலகை அறுக்கிற சத்தம் கேட்டால் கையிலிருக்கிறதைப் போட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாள். அவளாகச் சொல்கிற நாளில் கதவு வரும். அதுவரை சாக்கு தொங்கட்டும். உன் மாமனார் வீட்டார் கேட்டால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று நீயே சொல். சொல்ல வெட்கமாக இருந்தால், எதற்கு வெட்கம் என்று உன்னையே கேட்டுக்கொள்.

நொத்தாரிசிடம் போய் வீட்டை அருளாயி பேரில் எழுதிவிட்டேன். உன் கடிதத்துக்குக் கோபித்து எழுதியதல்ல. போன மாதமே எழுதியாயிற்று. இந்தத் தடவை காய்ச்சல் வந்தபோது, இனி அதிக நாள் இல்லை என்று உடம்பே சொல்லிவிட்டது. அவள் வேண்டாம் என்று மன்றாடினாள். "தம்பி என்ன நினைப்பாரு அத்தை?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். நகை போட்டு வாங்கியது நான். சூசை சுவர் எடுத்தான். கூரை போட்டவள் அவள். இதில் உனக்குக் குறை இருந்தால் என்மேல் வை, நான் தாங்கிக்கொள்கிறேன். நீ உன் மனைவியோடு வந்து இருக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. "வரட்டும் அத்தை, அவரு வீடுதானே" என்றாள். அந்த வரியை வாசித்திருந்தாலும் அவள் அப்படியேதான் சொல்லியிருப்பாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருமகளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். நல்லபடியாகக் கல்யாணம் நடக்கட்டும். என்னால் கொழும்புவரை வரமுடியாது, இங்கிருந்தே உங்களுக்காகச் செபிக்கிறேன். இனிமேல் வீட்டைப் பற்றி எழுதுவதானால் எனக்கு எழுதாதே, அண்ணிக்கு எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரேசாதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அதனால் எதை எழுதினாலும், ஒரு பிள்ளை தன் தாய்க்குச் சத்தமாக வாசித்துக்காட்டக் கூடியதாக எழுது.

அம்மா